இரண்டு டெராபைட்டுக்குள் ஓர் உடும்பு: மேக் டிஸ்க்கோடு காஞ்சிபுரத்தில் ஒன்றரை நாள்

காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்கப் போனவர்கள் எழுதிய கட்டுரைகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. நான் போனது பட்டு எடுக்க அல்ல. பட்டில் நெய்யவேண்டிய ஒரு படத்தைக் கொடுக்க. படம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. காலையில் அதைக் கொடுத்துவிட்டு, காஞ்சிபுரம் இட்லி சாப்பிட்டு, நான்கு கோவில் பார்த்து, மறுநாள் மாகறல் போய்விட்டு ஊர் திரும்புவதாகத் திட்டம். அதில் இட்லியும் மாகறலும் மட்டும்தான் திட்டப்படி நடந்தன. ஆனாலும் சொல்கிறேன், இந்த வலைப்பூவில் எழுதிய எந்தப் பயணத்திலிருந்தும் நான் இவ்வளவு குதூகலமாக வீடு வந்ததில்லை!

முதலில் காரணம். என் தங்கை யாழினிக்குக் கல்யாணம். அவள் காட்டுக்குள் பாம்பு, பல்லி, ஓணான் பின்னால் அலையும் ஆராய்ச்சிக்காரி. முகூர்த்தப் புடவையில் மயில் வேண்டாம், கிளி வேண்டாம், அன்னம் வேண்டாம், பார்டர் முழுக்க உடும்பு ஊர்ந்து போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "கல்யாணப் பொடவைல பல்லியா?" என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. காஞ்சிபுரம் பக்கத்தில் மாகறலில் சிவன் உடும்பாக வந்த கோவில் இருக்கிறது என்று நான் எடுத்துச் சொன்ன பிறகுதான், "சாமியே வந்திருக்காரா? அப்ப சரி" என்று இறங்கி வந்தார்.

யாழினி தன் மேக் மடிக்கணினியில் நான்கு மாதம் உட்கார்ந்து, அந்த உடும்பைப் புள்ளி புள்ளியாகத் தானே வரைந்தாள். தறியில் ஒரு புள்ளிக்கு நூலைத் தூக்க ஒரு கொக்கி. ஒரு புள்ளி தள்ளிப் போனால் உடும்புக்கு விரல் குறையும். வேறு யாரையும் அதில் கைவைக்க விடவில்லை. வரைந்து முடித்த வாரமே அந்த மேக் உயிரை விட்டது. பழுது பார்க்கிறவர் போர்டே போய்விட்டது என்று கைவிரித்துவிட்டார். அவள் எடுத்து வைத்திருந்த ஒரே பிரதி, எங்கள் விழுப்புரம் வீட்டு அலமாரியில் இருந்த இரண்டு டெராபைட் டிஸ்க். அவளோ மலைமேல் முகாமில் இருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு தடவை சிக்னல் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

வீட்டிலேயே திறந்து மெயிலில் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என்னிடம் இருப்பது அலுவலகம் கொடுத்த விண்டோஸ் கணினி. வெளி டிரைவ் எதைச் சொருகினாலும் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மெயிலில் அனுப்பினாலும் பயனில்லை, காரணம் கொஞ்சம் தள்ளி வருகிறது. அதோடு, டிஸ்க் என்றால் டிஸ்க், சொருகினால் திறக்கும் என்பதுதான் அன்றுவரை என் கணினி அறிவு.

அவசரத்துக்கும் காரணம் உண்டு. கல்யாணத்துக்கு இருபத்தாறு நாள்தான் இருந்தது. நெசவாளர் தனபால் அண்ணனின் தறியில் ஒரு பாவில், அதாவது ஒரு தடவை ஏற்றும் நீளவாட்டு நூலில், மூன்று புடவை. முதல் இரண்டும் வேறு யாருக்கோ. மூன்றாவது எங்களுக்கு. இரண்டாவதை வெள்ளிக்கிழமை இறக்கிவிட்டார். "சனிக்கெழம நாலு மணிக்கு மேல தறிய சும்மா வுட முடியாதும்மா. முகூர்த்த சீசனு. உங்க டிசைன் வரலன்னா கடைக்காரரு டிசைன ஏத்திடுவேன்" என்று போனில் கறாராகச் சொல்லியிருந்தார். அடுத்த பாவு ஏறும்போது கல்யாணமே முடிந்திருக்கும்.

சனிக்கிழமை காலை 6.10க்கு விழுப்புரத்தில் ரயில் ஏறினேன். முன்பதிவில்லாப் பெட்டி, 55 ரூபாய். செங்கல்பட்டில் 7.50க்கு இறங்கி, வெளியே வந்து 8.05 பேருந்தைப் பிடித்தேன். டிக்கெட் 38 ரூபாய். டிஸ்க்கை ஒரு பழைய துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி, "கொழந்தைக்கு டிபனாமா?" என்று கேட்டார். வாலாஜாபாத் தாண்டியதும் ஜன்னல் வழியே ஏரித் தண்ணீர் பளபளத்தது. 9.20க்குக் காஞ்சிபுரம் பேருந்து நிலையம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இட்லி. மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு, இலையோடு வெந்து, உயரமாக நிற்கும் இட்லி. இரண்டு துண்டும் சட்னியும் 60 ரூபாய். மூன்றாவது துண்டு வேண்டாம் என்று சொல்ல முயன்று தோற்றேன்.

டிசைன் கடை பெரிய காஞ்சிபுரத்தில், காமாட்சியம்மன் கோவிலிலிருந்து ஐந்து நிமிட நடை. கீழே ஜரிகைக் கடை, மாடியில் இரண்டு கணினி. டிசைன் போடுபவர் ஜெகன், முப்பது வயது இருக்கும். விசைப்பலகையைப் பார்க்காமலே விரல்கள் ஓடின. வாசலில் ஒரு பிஸ்கட் டப்பா, எல்லோரும் அதில் போனை வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கணினிகளுக்கு இணையமும் கிடையாது, போனைச் சொருகவும் கூடாது. பத்துக் கடைகளின் டிசைன் உள்ளே இருக்கிறது, ஒன்று கசிந்தாலும் தொழில் போய்விடும் என்றார்.

"வாங்கக்கா. டிசைனு பேப்பர்ல இருக்குதா, பழைய பொடவ எதனா கொண்டாந்தீங்களா?"

"ரெண்டும் இல்ல தம்பி. இந்த டிஸ்க்ல இருக்கு."

"குடுங்க. டீயா காபியா?"

காபி என்று சொல்லிக்கொண்டே நான் சுவரில் மாட்டியிருந்த மாங்காய், ருத்திராட்சம், யாளி மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டிஸ்க்கைச் சொருகினார். திரையில் ஒரு பெட்டி வந்தது. கீழே காபிக்குக் குரல் கொடுத்தபடியே என்டர் தட்டினார். இன்னொரு பெட்டி. அதற்கும் ஒரு தட்டு. மூன்றாவது பெட்டி வந்தபோது நான் திரும்பினேன். இந்த டிஸ்க்கில் உள்ள எல்லாம் அழிந்துவிடும் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. அவர் விரல் என்டர் மேல் இருந்தது. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, பாய்ந்து கேபிளைப் பிடுங்கிவிட்டேன்.

"இன்னாக்கா, ஷாக் அடிச்சிடுச்சா?"

"என்ன தம்பி பண்ணீங்க?"

"ஃபார்மட்டு பண்றேன். டிரைவு வந்தா ஃபார்மட்டு பண்ணித்தான எடுப்போம்?"

அவர் சொன்னது இது. இந்தக் கடைக்கு டிசைன் காகிதத்தில் வரும், பழைய புடவையாக வரும். டிரைவில் வராது. டிரைவ் கொண்டுவருகிறவர் நெசவாளர், டிசைனை அதில் போட்டு எடுத்துப் போக வருவார். தறிமேல் உட்கார்ந்து, டிசைனைப் படித்து நூல்களைத் தூக்கும் ஜக்கார்ட் பெட்டிக்கு அந்த டிரைவில் ஒரு சினிமா பாட்டு இருந்தால்கூட ஆகாது, நடுவில் நின்றுவிடும். அதனால் படியேறி வரும் எந்த டிரைவையும் முதலில் துடைத்துவிடுவது இங்கே வழக்கம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதுபோல, யோசித்துச் செய்வதே இல்லை. ஆறு வருடமாக ஜெகனின் கை தானாகப் போய் அந்த மூன்று பெட்டிக்கும் என்டர் தட்டுகிறது.

"உள்ள டிசைனு இருந்துச்சா?" என்று கேட்டபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. "யாரும் இங்க டிரைவுல டிசைன கொண்டாந்ததே இல்லக்கா. அத்தோட அது காலின்னு தான காட்டுச்சு!"

காலி என்று காட்டியதற்குக் காரணம் மேக். வாசகர்களுக்கு எளிமையாகச் சொல்கிறேன். டிஸ்க்குக்குள் கோப்புகளை அடுக்க ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முறை உண்டு. மேக் தன் வழியில் அடுக்கியதை விண்டோஸால் வாசிக்க முடியாது. வாசிக்க முடியாததை, இதில் ஒன்றுமில்லை, ஃபார்மட் செய்யட்டுமா என்று வெகு மரியாதையாகக் கேட்கும். நம்பிச் சரி என்றால் கதை முடிந்தது.

"மூணாவது பெட்டிக்கு ஓகே குடுத்தீங்களா?"

ஜெகன் தன் வலது கையையே பார்த்தார். "தெரிலக்கா. சத்தியமா தெரில. கை தானா போவுது. மேக்கு ஒண்ணு கெடச்சாதான் உள்ள இருக்குதா போச்சான்னு தெரியும்."

மணி 10.30. நெசவாளர் கெடு நான்கு மணி. யாழினியின் நான்கு மாத வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள, காஞ்சிபுரத்தில் ஒரு மேக் வேண்டும். ஜெகன் ஒரு பென் டிரைவைக் கையில் கொடுத்தார். "புதுசா ஃபார்மட்டு பண்ணிக்கீறேன். மேக்கு கெடச்சா இதுல போட்டுக்கினு வாங்க." கீழே போய் அவரே ஆட்டோவும் பிடித்துக் கொடுத்தார்.

ஆட்டோக்காரரிடம் ஆப்பிள் படம் போட்ட கம்ப்யூட்டர் எங்கே இருக்கும் என்று கேட்டேன். அவர் ஒரு நிமிடம் யோசித்தார். "காலேஜி பசங்க கைல இருக்கும்மா. ஏனாத்தூரு போலாமா?" போக 150 ரூபாய், காத்திருந்தால் தனி. ஆறு கிலோமீட்டர். வழியெல்லாம் நெல் வயல், இரண்டு பக்கமும் வாய்க்கால், வேறொரு நாளாக இருந்தால் பத்து முறை இறங்கிப் படம் எடுத்திருப்பேன். மனம் அதிலேயே இல்லை.

சனிக்கிழமை மாணவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை மட்டும் திறந்திருந்தது. கடைக்கார அம்மா மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றியிருந்தார். மேக் இருக்கிறதா என்று நான் கேட்பதற்குள் என் கையிலிருந்த டிஸ்க்கை வாங்கிக் கணினிப் பக்கம் கொண்டுபோனார்.

"கையை எடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் ஆட்டோக்காரர் உள்ளே ஓடி வந்துவிட்டார்.

மன்னிப்புக் கேட்டு விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா சிரித்தார். "அந்த ஆப்பிளு வெவகாரமா? சின்ன காஞ்சிபுரத்துல வைதேகி டீச்சரு ஒருத்தங்க கீறாங்கம்மா. வருசா வருசம் உற்சவ தேதியெல்லாம் புக்கு போட்டு ஜெராக்ஸு எடுப்பாங்க. அவுங்க பென் டிரைவு இங்க ஓப்பனே ஆவாது. மூணு வாட்டி கொண்டாந்துட்டு மூணு வாட்டியும் திரும்பிப் போனாங்க. நீ சொல்ற கத அப்படியே அவுங்க கததான்."

எனக்கு அந்த அம்மாவைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போல இருந்தது! திறக்காத டிரைவ் இருக்கும் இடத்தில் மேக் இருந்தே ஆகவேண்டும். சந்நிதித் தெரு என்று அடையாளம் சொல்லி அனுப்பினார்.

ஆட்டோ திரும்பியபோது போன் அடித்தது. யாழினி! மணி 11.40. எப்போதும் மாலையில்தான் அழைப்பாள், அன்று பார்த்து காலையிலேயே ஏதோ பாறைமேல் ஏறிச் சிக்னல் பிடித்திருக்கிறாள்.

"அக்கா, குடுத்துட்டியா?"

"குடுத்தாச்சுடி. வேலை ஓடிக்கிட்டு இருக்கு."

"ஸ்க்ரீன்ல பெருசா போட்டுப் பாத்தியா? எப்படி இருக்கு?"

"ஜோரா இருக்கு."

"நகம் எல்லாம் தெரியுதா?"

"எல்லாம் தெரியுது" என்றேன். நல்லவேளை, அதோடு சிக்னல் போனது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

வைதேகி டீச்சர் வீட்டுக் கதவு பாதிதான் திறந்தது. அறுபது வயது, நிமிர்ந்த உடம்பு. நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"பாவமாத்தான் இருக்கு. ஆனா யாரு எவருன்னே தெரியாதவா டிஸ்க்கை நான் சொருக மாட்டேன். அதுல வைரஸ் இருந்தா என் புஸ்தகம் போயிடும். ஏகாதசி, கருட சேவை, எல்லாத் தேதியும் அதுலதான் இருக்கு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நேரம் எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ! ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் தெரிந்துகொண்ட விஷயத்தைப் பல வருட அனுபவசாலிபோல எடுத்துவிட்டேன். "மாமி, உங்க பென் டிரைவ் அந்த ஜெராக்ஸ் கடையில ஏன் திறக்கலன்னு எனக்குத் தெரியும். என் டிஸ்க்குக்கு என்ன வியாதியோ அதே வியாதிதான். அதைச் சரிபண்ணிக் குடுத்துட்டுப் போறேன்."

கதவு முழுதாகத் திறந்தது. "மூணு தடவை அலைஞ்சேன், என் காலுக்குத்தான் தெரியும். உள்ள வாங்கோ."

கூடத்தில் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் சின்ன மேசை. அதன்மேல், பட்டுத்துணி போர்த்தி, மகன் விட்டுப்போன மேக். டிஸ்க்கைச் சொருகினேன். நீல விளக்கு சிமிட்டியது. திரையில் ஒன்றும் வரவில்லை. அரை நிமிடம். ஒரு நிமிடம். டீச்சர் ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தார், ஸ்லோகமாக இருக்கவேண்டும். யாழினியிடம் என்ன சொல்வேன் என்று வாக்கியம் வாக்கியமாக மனதுக்குள் ஓடியது, ஒன்றும் சரியாக வரவில்லை.

அப்போது திரையின் மூலையில் ஒரு சின்ன ஆரஞ்சுப் பெட்டி முளைத்தது. உள்ளே கோப்புகள், எல்லாம், வரிசையாக!

"இருக்கு! மாமி, இருக்கு!"

"மெதுவா, மெதுவா. பக்கத்தாத்துல குழந்தை தூங்கறது."

உடும்பு என்று தேடினேன், கிடைக்கவில்லை. பிறகுதான் என் தங்கை எப்படிப்பட்டவள் என்று நினைவு வந்து, அந்தப் பிராணியின் லத்தீன் பெயரைத் தேடினேன். வந்துவிட்டது. திறந்தேன். செதில் செதிலாக, ஐந்து விரலும் நகமுமாக, நாக்கை நீட்டிக்கொண்டு ஓர் உடும்பு திரை முழுக்கக் கிடந்தது. நகம் தெரிந்தது! டீச்சர் குனிந்து பார்த்தார். சின்ன காஞ்சிபுரம் பெருமாள் கோவிலில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் தினமும் பார்ப்பவர்.

"இது நம்ம பல்லிக்குப் பெரியப்பா மாதிரின்னா இருக்கு" என்றார்.

படத்தை ஜெகனின் பென் டிரைவுக்கு இழுத்தேன். போகவில்லை. மறுபடி இழுத்தேன். எழுத முடியாது என்றது. ஜெகனைப் போனில் அழைத்தேன். அவர் மூன்றாவது முயற்சியில் வாசலுக்கு வந்து எடுத்தார்.

"அய்யோ, நான் அத விண்டோஸ் முறைல ஃபார்மட்டு பண்ணிட்டேங்கா, என்.டி.எஃப்.எஸ்ஸு. மேக்கு அத படிக்கும், ஆனா எழுதாது. ஒண்ணுல்ல, அந்த பென் டிரைவ அழிச்சிட்டு எக்ஸ்ஃபேட்டுல போட்டுக்கங்க. ரெண்டுத்துக்கும் ஒத்து வரும்."

மேக்கில் அழிக்கும் இடத்தைத் திறந்தேன். இடதுபக்கம் இரண்டு பெயர் ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒன்று காலி பென் டிரைவ், இன்னொன்று என் தங்கையின் டிஸ்க். நடுவில் அழி என்ற பொத்தான். காலையில் நடந்ததற்குப் பிறகு, அந்த டிஸ்க் மாட்டியிருக்கும்வரை அந்தப் பொத்தானைத் தொடமாட்டேன் என்று கையை எடுத்துவிட்டேன். கை தானாகப் போகும் என்பதை என் கண்ணாலேயே பார்த்தவள் நான்.

கழுத்தில் தொங்கிய கேமரா அப்போதுதான் மேசையில் இடித்தது. அதன் கார்டை எந்தக் கடையில், எந்தக் கணினியில் போட்டாலும் படம் திறக்கிறதே! ஜெகன் இன்னும் இணைப்பில் இருந்தார். "கேமரா கார்டா? பெரிய கார்டுன்னா அது எக்ஸ்ஃபேட்டு தாங்கா! போடுங்க, போடுங்க!" காலையில் எடுத்த இட்லிப் படங்களுக்குப் பக்கத்தில் உடும்பு போய் உட்கார்ந்தது. அந்தப் படத்தின் எடை ஓர் இட்லிப் படத்தின் எடையில் பாதிகூட இல்லை.

டிஸ்க்கை முறைப்படி வெளியேற்றி, துண்டில் சுற்றி, பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்த பிறகுதான் டீச்சரின் பென் டிரைவை எடுத்தோம். உற்சவப் புத்தகத்தை முதலில் கணினியில் பத்திரப்படுத்தி, இரண்டு தடவை திறந்து பார்த்து, பிறகு டிரைவை எக்ஸ்ஃபேட் ஆக்கி, புத்தகத்தை பிடிஎஃப் ஆகவும் மாற்றிப் போட்டுக் கொடுத்தேன். அழி என்ற பொத்தானை அவரே அழுத்தினார், கண்ணை மூடிக்கொண்டு. கிளம்பும்போது ஒரு கிண்ணம் தயிர்சாதமும் மாவடுவும் சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார். அதற்குப் பன்னிரண்டு நிமிடம் போனது, ஆனால் அந்த மாவடுவுக்காக இன்னொரு தடவை டிஸ்க்கைத் தொலைக்கலாம்.

2.05க்கு டிசைன் கடை. ஜெகன் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "நீங்களே சொருகுங்க, நீங்களே தொறங்க. நான் தொடமாட்டேன்." திரையில் எந்தப் பெட்டியும் வராமல் கார்டு திறந்தது. திரையில் உடும்பு வந்ததும் அவர் கை வெளியே வந்துவிட்டது. எழுந்து நின்று பார்த்தார்.

"யாருக்கா போட்டது? புள்ளி ஒண்ணுகூட தள்ளல! நாக்குல மட்டும் ஜரிக நீளமா தொங்குது, வளையல்ல மாட்டி இழுத்துக்கும். நடுவுல ரெண்டு புள்ளி குடுத்து புடிச்சிடட்டா?"

கொடுங்கள் என்றேன். யாழினியின் உடும்பில் வேறு கை பட்டது அந்த இரண்டு புள்ளியில் மட்டும்தான். கடைசியாக, தனபால் அண்ணன் முன்பே கொடுத்து வைத்திருந்த பென் டிரைவை எடுத்து ஜெகன் என்னைப் பார்த்தார். "இத ஃபார்மட்டு பண்ணலாமா?" தலையாட்டினேன். ஜக்கார்ட் பெட்டிக்குப் பழைய ஃபேட்32 மட்டும்தான் புரியுமாம், பெயரும் எட்டு எழுத்துக்குள் இருக்கவேண்டுமாம். லத்தீனைத் தூக்கிவிட்டு உடும்பு என்றே ஆங்கிலத்தில் அடித்தார். மூன்று பெட்டி, மூன்று என்டர். இந்தத் தடவை நானும் கூடவே எண்ணினேன்.

3.25க்குத் தனபால் அண்ணன் வீடு. நீண்ட கூடத்தில் தறி. அரக்கு நிறப் பாவு இழுத்துக் கட்டித் தயாராக இருந்தது. ஜன்னலோரம் கடைக்காரரின் டிசைன் இருந்த இன்னொரு பென் டிரைவும் தயாராகவே இருந்தது.

"வந்துட்டியாமா? நீ வரமாட்டேன்னு நெனச்சிக்கினு அத சொருவப் போனேன்" என்றார். சொருகினார். பெட்டியில் பச்சை விளக்கு. மிதியை அழுத்தினார். தலைக்குமேல் நூற்றுக்கணக்கான நூல்களில் சில மட்டும் எழுந்தன. குறுக்கு நூலோடு நாடா ஓடியது. ஒரு வரி. அடுத்த வரி. முக்கால் மணி நேரம் நான் தரையில் உட்கார்ந்து நகரவே இல்லை. அரக்கு நிறத்தின் ஓரத்தில் தங்கத்தில் ஊசிமாதிரி ஒன்று கிளம்பி, மெல்லத் தடித்து, வளைந்தது.

"இன்னாமா இது, பாம்பா?" என்று தனபால் அண்ணன் கேட்டார்.

"வால்ணா. உடும்பு வால்!"

"அப்ப இன்னிக்கி வாலுதான். காலு, தல எல்லாம் நாளைக்கி பாத்துக்கலாம்." அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனார். நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். பிறகு எழுந்து எட்டுப் படம் எடுத்தேன்.

அன்று தங்கியது பேருந்து நிலையத்துக்கு அருகில், ஒற்றை அறை 900 ரூபாய், சுத்தம். ஆட்டோவுக்கு மொத்தம் 620 ரூபாய் ஆனது. ஞாயிறு காலை 7.15க்கு உத்திரமேரூர் சாலையில் போகும் நகரப் பேருந்தில் மாகறல் போனேன், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நாற்பது நிமிடம். கோபுரத்துக்கு முன்னால் அமைதியான தெரு, கூட்டமே இல்லை. மூலவர் மெலிந்து, உடும்பின் வால்போலவே இருந்தார். அம்மா பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு, 10.30க்குள் காஞ்சிபுரம் திரும்பி, அதே செங்கல்பட்டு வழியாக மாலை நான்கு மணிக்கு வீடு. ஏகாம்பரநாதரையும் கைலாசநாதரையும் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி, அதற்காகவே இன்னொரு தடவை போகவேண்டும்.

சொந்த டிசைனோடு காஞ்சிபுரம் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இதுதான். கிளம்பும் முன்பு, அங்கே அதைத் திறக்கப்போவது எந்தக் கணினி என்று போன் செய்து கேளுங்கள். மேக், விண்டோஸ் இரண்டிலும் ஓடவேண்டிய டிரைவை எக்ஸ்ஃபேட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அப்படி மாற்றும்போதும் உள்ளே இருப்பது அழியும், முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். தறிப் பெட்டிக்கு ஃபேட்32. ஒரே பிரதி இருக்கும் டிஸ்க்கை ஊர் தாண்டிக் கொண்டுபோகவே கூடாது, தேவையான படத்தை மட்டும் ஒரு சின்ன டிரைவில் கொண்டுபோனால் போதும். டிசைனைத் தாளிலும் ஒன்று அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கடைக்காரர்களுக்குத் தாள்தான் பழக்கம். எந்தக் கடையிலும் டிரைவை நீட்டுவதற்கு முன்பு, இதில் சரக்கு இருக்கிறது, துடைக்காதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. சொல்லாமல் கொடுத்தது நான்.

இனி வருவது ஒரே ஒரு வாசகிக்கு. யாழினி, நீ இந்த வலைப்பூவை விடாமல் படிப்பவள் என்று தெரியும். சனிக்கிழமை 11.40க்கு நான் உன்னிடம் சொன்னது பொய். வேலை ஓடவில்லை, நான்தான் ஓடிக்கொண்டிருந்தேன். நகம் தெரிகிறது என்றேனே, அப்போது உன் உடும்பு இருக்கிறதா, போய்விட்டதா என்றே எனக்குத் தெரியாது. அதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் ஊருக்கே சொல்லி உனக்கும் சொல்கிறேன். தனபால் அண்ணன் இன்று காலை அனுப்பிய படத்தில் முன்னங்கால் வந்துவிட்டது. ஐந்து நகமும் இருக்கின்றன, நான் இரண்டு தடவை எண்ணினேன். திட்டவேண்டியது இருந்தால், அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து திட்டு.